ஐந்தாம் அத்தியாயம்: ஏற்றி இறக்கும் அப்பா

காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில் தண்ணீரூற்றுப் பிரதான வீதியோரம் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தால், ஊரிலுள்ள தகப்பன்மாரில் முக்கால்வாசிப் பேரைப் பார்த்துவிடலாம். மாங்குளத்தில் தொடங்கி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதி அந்த அரைமணித்தியாலம் அப்பாமாருக்கே சொந்தம். ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தாங்கிக்கு மேலே முன்பள்ளிக்காரி, பின்னால் நாலாம் வகுப்புக்காரன், ஒரு கைபிடியில் தண்ணீர்ப் போத்தல், மறு கைபிடியில் சாப்பாட்டுப் பை. நடுவில் அப்பா. அவருடைய முகம் தெரியாது. முன்னால் இருப்பவளின் இரட்டைப் பின்னல் மறைத்துக்கொண்டிருக்கும். பாடசாலை மணி அடித்தபின் அதே அப்பா திரும்பி வருகிறார். இப்போது கைபிடியில் தொங்குவது, பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தல்.

முன் அத்தியாயங்கள் பெரும்பாலும் தாயைச் சுற்றியே நின்றன. இது, வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பவருக்கு.

அப்பா என்ன வேலை என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் கமம், மேசன் வேலை, கடற்றொழில், வாத்தியார் என்று ஏதோ ஒன்று வரும். அதெல்லாம் காசுக்குப் பார்க்கும் வேலை. காசில்லாமல் அவர் பார்ப்பது ஏற்றி இறக்கல். கிளினிக், ஆஸ்பத்திரி, முன்பள்ளி, பாடசாலை, ரியூசன், கோயில், அம்மம்மா வீடு என்று அது நீளும். அப்பா, ஐயா என்று கூப்பிடும் வீட்டிலும், நீராவிப்பிட்டிப் பக்கம் வாப்பா என்று கூப்பிடும் வீட்டிலும் இந்த வேலையில் வித்தியாசமில்லை. "நான் வெறும் றைவர்தானே" என்று தகப்பன்மாரே சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் ஒரு தகப்பனும் பிள்ளையும் வேறு யாருமில்லாமல் கதைக்கும் நேரத்தைக் கணக்கெடுத்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி சில்லு சுழன்றுகொண்டிருக்கும்போதுதான். ஆகவே நல்ல தகப்பனாக விரும்புகிறவர் முதலில் ஏற்றி இறக்கலை ஒழுங்காகப் பழகட்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கட்சி.

வேப்பமரத்தடியில்

வேலை பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இலங்கையில் ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், ஊர்வாயில் மிட்வைஃப், பெயரைப் பதிந்து கிளினிக் மட்டை ஒன்றைத் திறந்துவிடுவார். வீட்டுக்கும் வந்து பார்ப்பார். கிளினிக் நாளில் கணவர் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேப்பமரத்தின் கீழ் நிற்கும் மற்றக் கணவன்மாரோடு சேர்ந்துகொள்வார். அங்கே நெல் விலை, யூரியா, மழை எல்லாம் கதைக்கப்படும். உள்ளே நடப்பது மட்டும் கதைக்கப்படாது. மிட்வைஃப் வாசலுக்கு வந்து "அப்பாமாரும் உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டால், வாங்கு ஏதோ தூக்கி வைக்கவேண்டும் போல என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு போகிறவரும் இருக்கிறார்.

எப்படியோ போய்விட்டால் சரி. உள்ளே அறிய வேண்டியது கொஞ்சம்தான்: பிள்ளை பிறக்கும் என்று சொல்லப்பட்ட திகதி, மனைவியின் இரத்த வகை, எந்த ஆஸ்பத்திரி, இரவில் நோக்கண்டால் என்ன செய்வது. கடைசிக் கேள்விக்குப் பலர் மனதில் வைத்திருக்கும் விடை மோட்டார் சைக்கிள். அது பிழையான விடை. நோக்கண்ட பெண்ணை அதில் ஏற்றக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்திய உதவியோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய அந்தச் சேவை 2018இல் வடக்குக்கும் வந்துவிட்டது. அதற்கு மேலே ஓட்டோக்காரர் ஒருவரின் இலக்கமும் கைவசம் இருக்கட்டும். நடுச்சாமத்தில் தொலைபேசி அடித்தால் எழும்பக்கூடிய ஓட்டோக்காரர் யார் என்பதை எட்டாம் மாதத்திலேயே விசாரித்து வைக்கவேண்டும். மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்கு அந்த நேரத்தில் வழித்துணை தேடி அலைய முடியாது.

மூன்று நாளும் ஒரு சுறாவும்

பிள்ளை பிறந்ததும் அரச உத்தியோகத்தரான தகப்பனுக்கு மூன்று நாள் லீவு உண்டு. தாய்க்கு 84 வேலை நாள். தனியார் துறைத் தகப்பனுக்கு அந்த மூன்று நாளையும் சட்டம் தரவில்லை. கமக்காரருக்கு லீவு கேட்கவே ஆளில்லை. பிள்ளை மாசியில் பிறந்தால் அதே வாரத்தில் அரிவுவெட்டும் நிற்கும். சுவீடனில் ஒரு பிள்ளைக்காகப் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் கொடுக்கிறார்கள். அதில் ஒவ்வொருவருக்கும் 90 நாள் தனியாக ஒதுக்கியது. தகப்பன் தன் 90ஐ எடுக்காவிட்டால் அது தாய்க்கும் போகாது. இதை வேப்பமரத்தடியில் சொன்னால் வரும் முதற் கேள்வி: "தொண்ணூறு நாள் வீட்டிலை நிண்டு என்னத்தைச் செய்யிறது?"

நல்ல கேள்வி. மூன்று நாளில் என்ன செய்கிறார் என்று பார்த்தால் விடை கொஞ்சம் தெரியும். முதல் நாள் சுறாவோடு போகிறது. பிள்ளைப்பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்ச்சுறா வேண்டும் என்பது யாழ்ப்பாணம் தொடங்கி வன்னிவரை குசினிச் சட்டம். "தம்பி, பால்ச்சுறா கண்டால் வாங்கியாங்கோ. சின்னனாப் பாத்து வாங்குங்கோ" என்கிறார் மாமியார். தம்பி முல்லைத்தீவுக் கரைக்குப் போய், வள்ளம் வரும்வரை நின்று, விலை பேசி, வெற்றியோடு கொண்டுவந்து இறக்குவது திருக்கை. இரண்டாம் பயணத்தில் சுறாதான், ஆனால் ஆள் நீளம். மூன்றாம் பயணத்துக்குள் இருட்டிவிடும். அந்தக் கதை பிள்ளையின் சாமத்தியம், கலியாணம் வரைக்கும் சொந்தக்காரருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

உண்மையில் பால் ஊறுவது பிள்ளை எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நன்றாக உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. சுறா நல்ல புரதம். உறைப்பில்லாத சரக்குக்கறியோடு சோறும் நன்றாக இறங்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது சுறாவுக்கு அநியாயம். அந்த மூன்று நாளில் தகப்பனால் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு: துணி தோய்ப்பது, இரவில் பிள்ளையைத் தூக்கித் தாயின் பக்கத்தில் விடுவது, படலையில் நின்று சனத்தைச் சமாளிப்பது. பார்க்க வருகிற ஒவ்வொரு பெரியம்மாவின் கையிலும் ஒரு யோசனை இருக்கும். ஒருவர் சீனித்தண்ணி என்பார், ஒருவர் நாக்கில் தேன் தடவுவோம் என்பார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடாது. பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்து அதில் இருக்கக்கூடும். பெரியம்மாவிடம் இதை மருமகள் சொன்னால் சண்டை. மகன் சொன்னால், "இவன் எப்ப டொக்டர் ஆனவன்?" என்ற ஒரு நக்கலோடு முடிந்துவிடும். அந்த நக்கலை வாங்கிக்கொள்வது தகப்பனின் கடமைகளில் ஒன்று.

ஓர் எழுத்து ஆவது

ஈழத்தமிழரிடம் தகப்பனின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும். நாளடைவில் முழுப்பெயரும் சுருங்கி ஓர் எழுத்தாகிவிடும். ஆயுள் முழுக்க ஒருவருக்கு முன்னால் புள்ளி வைத்த எழுத்தாக நிற்கப்போகிறவர், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுக்கும் வேலையையாவது தானே செய்வது அழகு.

பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும், காசில்லை. பதிவது பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம். வீடு தண்ணீரூற்றில் என்றாலும் அவசரத்தில் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ மாற்றப்பட்டுப் பிள்ளை அங்கே பிறந்திருந்தால் பதிவும் அங்கேதான். ஊருக்கு வந்து முப்பத்தெட்டாம் நாள் இதை அறிந்து பஸ் ஏறிய தகப்பன்மார் இருக்கிறார்கள். விவாகப் பதிவுச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோகவேண்டும். எழுதி முடித்தபின் ஒவ்வோர் எழுத்தாக, தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்துப் பார்க்கவேண்டும். எண்சோதிடக்காரர் சேர்க்கச் சொன்ன மேலதிக எழுத்து அங்கே விழுந்தால் அது பரீட்சை அனுமதி அட்டைக்கும் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் பிள்ளையோடு கூடவே வரும். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தும் அலைச்சலுக்கு, பதினைந்து நிமிடம் கூடுதலாக நின்று வாசிப்பது மலிவு.

பெயர் வைப்பது பெரும்பாலும் 31ஆம் நாள், துடக்குக் கழிவோடு. அன்று தகப்பன் வேட்டி சால்வையோடு முன்வரிசையில் இருப்பார். இந்த முன்வரிசைத் தகப்பன்மாருக்கு ஒரு மூத்தவர் இருக்கிறார், அவரும் இந்த மண்ணுக்குத் தெரிந்தவர்தான். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் தண்ணீரூற்றிலிருந்து கிட்டத்தான். அந்தக் கண்ணகையின் கணவன் கதையான கோவலன் கூத்து முல்லைத்தீவின் சொத்து. ஆனால் கோவலனை ஒரு தகப்பனாக இங்கே யாரும் நினைப்பதில்லை. சிலப்பதிகாரத்தின்படி மாதவி பெற்ற பெண்குழந்தைக்குத் தன் குலதெய்வமான மணிமேகலா தெய்வத்தின் பெயரை வைத்து, பொன்னை அள்ளித் தானம் கொடுத்தவர் அவர். பிறகு அந்தப் பிள்ளையை வளர்த்து எடுத்தது மாதவி. கோவலன் மணிமேகலையை எங்காவது ஏற்றி இறக்கியதாக இளங்கோ எழுதவில்லை.

இரவு நடை

இரவு ஒரு மணி. ஏணையில் கிடந்த பிள்ளை அழுகிறது. பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, இன்னும் அழுகிறது. தாய்க்குக் கண்ணைத் திறக்க ஏலாது. இங்கே தகப்பனின் வாகனம் தோள்.

ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தில் குமி குரோடாவின் குழு 21 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அதில் கிடைத்த முறை சுருக்கமானது. அழும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல், திடீர்த் திருப்பம் இல்லாமல் நடக்கவேண்டும். பிள்ளை நித்திரையானதும் உடனே கிடத்தக்கூடாது. அப்படியே ஐந்திலிருந்து எட்டு நிமிடம் இருந்துவிட்டுப் பிறகு கிடத்தினால் எழும்பாமல் கிடக்கும் வாய்ப்புக் கூட. நித்திரையைக் கலைப்பது முதுகு பாயில் படுவதல்ல, நெஞ்சிலிருந்து உடம்பு பிரியும் அந்தக் கணம் என்றும் கண்டார்கள். ஆய்வில் நடந்தவர்கள் தாய்மார். அப்பாவின் கால் வேலைசெய்யாது என்று அதில் எங்கும் இல்லை.

விறாந்தையில் இடமில்லை என்று முற்றத்தில் நடப்பவர் செருப்பைப் போட்டு, டோர்ச்சை அடித்துக்கொண்டு நடக்கட்டும். வன்னி இரவில் முற்றம் மனிதருக்கு மட்டும் உரியதல்ல. ஓராட்டுத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். சினிமாப் பாட்டும் தேவாரமும் பிள்ளைக்கு ஒன்றுதான். ஓவருக்கு இத்தனை ஓட்டம் என்று கிரிக்கெட் வர்ணனையைத் தாழ்ந்த குரலில் சொல்லி நித்திரையாக்கியவரும் இருக்கிறார். கிடத்தும்போது மல்லாக்கக் கிடத்தவேண்டும். அழுகை எவ்வளவு பொறுமையைச் சோதித்தாலும் பிள்ளையைப் பிடித்து உலுக்கக்கூடாது. அந்த உலுக்கலில் மூளைக்குள் இரத்தம் கசியும். கோபம் வந்தால் பிள்ளையைப் பத்திரமாகப் பாயில் விட்டு, கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம். அதுவரை அழுதுகொண்டு கிடப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

இந்த நடை தகப்பனின் உடம்பையும் மாற்றுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 ஆண்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. தகப்பனானவர்களின் டெஸ்டொஸ்டெரோன் அளவு இறங்கியிருந்தது. நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இன்னும் குறைவு. வேப்பமரத்தடியில் இதைச் சொன்னால் எல்லோரும் ஒருமுறை மீசையைத் தடவிப் பார்ப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மீசை இருந்த இடத்தில்தான் இருக்கும்.

ஊசி நாள், பல்லு நாள்

பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புத்தகமும் வீட்டுக்கு வருகிறது. பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம். ஊசி, நிறை, உயரம் எல்லாம் அதில். தகப்பன்மார் பலர் மோட்டார் சைக்கிளின் காப்புறுதிப் பத்திரம் எங்கே என்று இருட்டிலும் எடுத்துத் தருவார்கள். இந்தப் புத்தகம் எந்த அலுமாரியில் என்று கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு, நாலு, ஆறாம் மாதங்களிலும், ஒன்பதிலும், ஒரு வயதிலும், ஒன்றரை வயதிலும், மூன்று வயதிலும், ஐந்து வயதிலும் ஊசி அல்லது சொட்டு மருந்து உண்டு. நிறைக் கோடு பச்சைப் பட்டைக்குள் மேலேறிப் போகிறதா என்று பார்க்கப் படிப்புத் தேவையில்லை. பயிர் பார்க்கத் தெரிந்த கண் போதும்.

ஊசி போடும்போது பிள்ளையை மடியில் வைத்துப் பிடிப்பது யார் என்பதில் ஒரு நாடகம் நடக்கும். கடலில் புயல் பார்த்தவர், யானை விரட்டியவர் எல்லாம் அந்த நேரம் பார்த்து வெளியே தொலைபேசி கதைக்கப் போவார்கள். போகவேண்டாம். காலையும் கையையும் மெதுவாக, ஆனால் அசையாமல் பிடிக்கும் வலு தகப்பனிடம் இருக்கிறது. ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது என்பதால், எவ்வளவு கொடுப்பது என்பதைக் கிளினிக்கிலேயே கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். மற்ற நாட்களில் வரும் காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவேண்டும், டெங்கு இருக்கும் நாடு இது.

பல்லு முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை. தேங்காய்ச் சொட்டைப் பல்லாக வைத்து அவித்த கொழுக்கட்டையைப் பிள்ளையின் தலையில் கொட்டி, முன்னால் தட்டத்தில் புத்தகம், பேனை, நகை, காசு என்று பரப்பி எதைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். தகப்பன்மார் சிலர் இங்கே தேர்தல் மோசடிக்குக் குறையாத வேலை பார்க்கிறார்கள். புத்தகத்தை மெல்லப் பிள்ளைக்குக் கிட்டத் தள்ளுவது, காசை அப்பால் தள்ளுவது. பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தட்டத்தைத் தூக்கிக் கடிக்கும்.

சில்லின் சட்டங்கள்

இனி வீதி. இது சிரிப்புக் குறைந்த பகுதி.

சட்டப்படி மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர்தான், இரண்டு பேருக்கும் தலைக்கவசம். நாலு பேர் போவதை எல்லோரும் பார்க்கிறோம்; பொலிஸ் நிற்கும் சந்தியில் மட்டும் இறங்கி நடக்கும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். தாங்கி பிள்ளைக்குப் பிடித்த இடம், ஏனென்றால் ஹோர்ன் அங்கேதான் இருக்கிறது. ஆனால் திடீரென்று பிரேக் பிடித்தால் முதலில் கைபிடியில் அடிபடுவது பிள்ளையின் நெஞ்சு. போதாக்குறைக்கு ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளை நித்திரையாகித் தலை ஒருபக்கம் சாய, அப்பா ஒரு கையால் தலையையும் மறு கையால் வண்டியையும் பிடிப்பார். ராத்திரியில் அதே வீதியில் மாடுகள் சூட்டுக்குப் படுத்திருக்கும். பின்னால் இருத்துவதென்றால் பிள்ளையின் கால் மிதிகம்பியில் எட்டவேண்டும், தகப்பனை இறுக்கிப் பிடிக்கத் தெரியவேண்டும், தலைக்கு அளவான கவசம் வேண்டும். கைக்குழந்தைக்கு ஓட்டோ. இது செலவுதான். செலவு என்று தெரிந்தேதான் எழுதப்படுகிறது.

சைக்கிளில் ஆபத்து வேறு இடத்தில். கரியரில் இருக்கும் பிள்ளையின் குதிக்கால் பின்சில்லுக் கம்பிக்குள் போகும் காயம், சைக்கிளில் பிள்ளை ஏற்றும் நாடுகளில் எல்லாம் வைத்தியர்கள் நன்கு அறிந்த காயம். தோலும் சதையும் கழன்று, ஆறக் கிழமைக்கணக்கில் எடுக்கும். சில்லின் இரண்டு பக்கமும் கம்பி வலை அடித்துவிட்டால் முடிந்தது. ஒட்டுவேலைக்காரரிடம் அரைநாள் வேலை. பிள்ளைக்குச் சப்பாத்தும் போடவேண்டும்.

சைக்கிளை ஏளனமாக நினைக்கவும் வேண்டாம். இந்த ஊரின் இளம் தகப்பன்மார் பலர் சைக்கிள் பாரில் வளர்ந்தவர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வராத காலம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மற்ற எல்லாரும் மிதித்தார்கள். 2008 கடைசியில் போரால் முள்ளியவளை, தண்ணீரூற்று எல்லாம் எழும்பி இடம்பெயர்ந்தபோது கரியரில் அரிசி, பாரில் பிள்ளை, கைபிடியில் சட்டிபானை என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்கள் அன்றைய அப்பாமார். இறக்கிய இடத்தில் முதல் வேலை பங்கர் வெட்டுவது. ஏற்றி இறக்கல் என்ற சொல்லுக்கு அந்தத் தலைமுறையிடம் வேறு பாரம். அவர்கள் இப்போது அப்பப்பாமார். பேரப்பிள்ளை அழுதால் ஒன்றும் கதைக்காமல் தூக்கித் தோளில் போடுகிறார்கள்.

2022இல் சைக்கிள் ஒருமுறை திரும்பி வந்தது. நாட்டில் எரிபொருள் இல்லாமல்போய், கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அந்த நாலு லீற்றரில் வயல், கிளினிக், பாடசாலை, ரியூசன் எல்லாவற்றையும் பங்குபோட்ட தகப்பனுக்கு நிதியமைச்சர் வேலை தெரிந்துபோனது. பிள்ளைகளைக் கேட்டால் அது நல்ல காலம் என்கிறார்கள். சைக்கிளில் போனால் கதைக்க நேரம் கூட.

அப்பா, கடல்தண்ணி எப்பிடி எரியும்?

கதை என்றால் பெரும்பாலும் கேள்விதான். பிள்ளைக்கு நாலு வயதானதும் முதுகுக்குப் பின்னாலிருந்து கேள்வி தொடங்கும். மாடு ஏன் றோட்டிலை படுக்குது? சந்திரன் ஏன் எங்களோடை வருது? தண்ணீரூற்று எண்டா தண்ணி எங்கையிருந்து ஊறுது? கடைசிக் கேள்விக்கு ஊற்றங்கரைப் பிள்ளையார் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடலாம். வைகாசி பிறந்தால் வருவதுதான் கஷ்டமானது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னால் சிலாவத்தைக் கடலிலிருந்து எடுத்து வரும் உப்புநீரில் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கு எரியும். "கடல்தண்ணி எப்பிடி அப்பா எரியும்?"

இங்கே தகப்பன்மார் மூன்று வகை. "அது அம்மாளின்ரை புதுமை" என்று சொல்லி வாயை மூடுபவர். "பேசாமல் இரு, றோட்டைப் பாக்கவேணும்" என்பவர். "எனக்குத் தெரியாது மோனை, அப்பப்பாட்டைக் கேப்பம்" என்பவர். மூன்றாமவரின் பிள்ளைதான் அடுத்த நாளும் கேட்கும். பின்னாலிருந்து கேட்கும் பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரியாது என்பதில் ஒரு வசதி இருக்கிறது. வகுப்பில் யாரோ அடித்தது, கணக்குக்குப் புள்ளி குறைந்தது, ரீச்சர் பேசியது எல்லாம் முகம் பார்த்துச் சொல்ல முடியாத சங்கதிகள். அவை சட்டையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொல்லப்படும். அந்த நேரம் திரும்பிப் பார்க்காமல், வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வருடத்தில் இது இன்னும் முக்கியம். அந்த வருடம் வீட்டில் எல்லோரும் பிள்ளையைக் கேள்வி கேட்பார்கள். பின்சீற்றில் மட்டும் பிள்ளை கேட்கட்டும்.

யாரிடமும் கேட்கப் பிள்ளை சங்கடப்படும் விஷயம் என்றாலும், ஒரு பெரியவர் பிள்ளையிடம் பிழையாக நடந்ததாகத் தெரிந்தாலும், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது. இதைப் பிள்ளைக்கும் பாடமாக்கிக் கொடுக்கலாம்.

வற்றாப்பளைப் பொங்கலன்று சனக்கூட்டத்தில் பிள்ளைக்குத் தகப்பனின் தோளைவிட நல்ல இடம் இல்லை. இறக்கிவிட்டால் காணாமல்போகும், தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டைப் பிள்ளையின் சட்டைப் பையில் முதலே வைத்துவிட்டால் ஒலிபெருக்கியில் பெயர் கேட்கும் வெட்கம் மிச்சம்.

கிணற்றடி

ஊற்றுள்ள ஊரில் கிணறு இல்லாத வளவு குறைவு. தவழும் பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு முன்பே தகப்பன் செய்து முடிக்கவேண்டிய ஒரே மேசன் வேலை கிணற்றுக் கட்டு. இடுப்புக்கு மேல் உயரம், மேலே கம்பி வலை மூடி, கட்டுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய கல்லோ வாளியோ இல்லாமல். குளிக்க நிறைத்து வைத்த வாளியும் தவழும் பிள்ளைக்குக் கிணறுதான். குப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீர் போதும். வேலை முடிந்ததும் ஊற்றிக் கவிழ்த்துவிடவேண்டும். நிலத்தில் பாய் போட்டுப் படுக்கும் வீட்டில் நுளம்புவலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகிவிடுவது நுளம்புக்கு மட்டுமல்ல, இரவில் ஊர்ந்து வரும் விரியனுக்கும் தடை.

இந்த வேலைகளைச் செய்யத் தகப்பன் இல்லாத வீடுகள் முல்லைத்தீவில் எத்தனையோ. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் முல்லைத்தீவில் 2017 மார்ச் 8 அன்று தொடங்கிய போராட்டத்தில் பிள்ளையைத் தேடி இருந்த தகப்பன்மாரும், தகப்பனைத் தேடி வந்த பிள்ளைகளும் உண்டு. அப்படியான வீடுகளில் ஏற்றி இறக்குவது மாமா, சித்தப்பா, அம்மப்பா, சில இடத்தில் பக்கத்து வீட்டு அண்ணை. சொந்தப் பிள்ளையை ஏற்றிப்போகும் ஒருவர், படலையடியில் நிற்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்காகவும் ஒரு பத்து நிமிடம் முந்தி வெளிக்கிட்டு இரண்டு நடை போவது இந்த ஊரில் புதினமில்லை. யாரும் அதைத் தகப்பன் வேலை என்று சொல்வதில்லை. "அவன் போறவழியிலை விட்டிட்டுப் போறவன்" என்பார்கள்.

பிறகு ஒருநாள், ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ, பிள்ளை முதுகில் தட்டி, "அப்பா, சந்தியிலையே நிப்பாட்டுங்கோ, நான் நடந்து போறன்" என்று சொல்லும். பாடசாலை வாசல் நூறு யார் தள்ளி. காரணம் கேட்கவேண்டாம், வாசலில் சிநேகிதர் நிற்பார்கள். அடுத்தது மோட்டார் சைக்கிளின் திறப்பு எங்கே என்ற கேள்வி. இலங்கையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதிப்பத்திரம் எடுக்க வயது 18. அதுவரை திறப்பு அப்பாவின் காற்சட்டைப் பைக்குள் இருக்கட்டும்.